மேட்டுப்பக்கச் சுவர் காய்ந்த கதை

மழைக்காலம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பின்சுவரில் கை வைத்தால் கல்லின் குளிர்ச்சி மட்டும்தான் தெரிகிறது, உள்ளங்கையில் ஈரம் ஒட்டுவதில்லை. இந்த நிலைக்கு வர மூன்று வருடம் ஆனது. முதல் இரண்டு முயற்சிகளும் தோற்றன. அளவுகளெல்லாம் நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

வீடு சிறிய மலையூர் ஒன்றில், சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் நிற்கிறது. நூறு வயதைத் தாண்டிய கல் கட்டடம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு 62 படி ஏற வேண்டும். அந்தப் படிகளும் இந்த வேலையில் ஒரு பாத்திரம்தான், ஒவ்வொரு மூட்டையும் அதன் வழியாகவே வந்தது. பிரச்சினை மேட்டைப் பார்த்த பின்சுவரில். நீளம் 6.4 மீட்டர், உயரம் 2.7 மீட்டர், கனம் 55 செ.மீ. வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு கல் வரிசை, நடுவில் மண்சாந்தும் சில்லுக்கற்களும். அந்தக் கால வீடுகளில் பரவலாகக் காணும் அமைப்பு. போர்ட்லேண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். ஆனால் இந்தச் சுவரைக் கட்டியவர்கள் கையில் இருந்தது சுண்ணாம்பும் மண்ணும்தான். சிமென்ட் பிற்பாடு வந்தது. எனக்கு முன் இங்கே இருந்தவர் யாரோ உட்புறம் முழுக்கச் சுமார் 22 மி.மீ. கனத்துக்குச் சிமென்ட் பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்திருந்தார்.

நான் வரும்போது தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரம் வரை பெயின்ட் உரிந்து தொங்கியது. அதற்கு மேல் ஒரு கோடு போட்டதுபோல் வெள்ளை உப்பு பூத்திருந்தது. அறையில் எப்போதும் ஈர மண் வாசனை.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீர் புகாத பூச்சு என்று டப்பாவில் விற்பதை வாங்கி, உரிந்த இடத்தைச் சுரண்டி, உட்புறமாக இரண்டு கை அடித்தேன். எட்டு மாதம் அழகாக இருந்தது. அப்புறம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றைக் குத்தினால் உள்ளே இருந்து தண்ணீர் வழிந்தது. ஈரக்கோடு 1.1 மீட்டரிலிருந்து 1.4 மீட்டருக்கு ஏறியிருந்தது. வெளியே வர வழியில்லாத ஈரம் மேலே வழி தேடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது வருடம் சிமென்டையே எடுத்துவிடுவது என்று இறங்கினேன். முடிவு சரி. செய்த விதமும் நேரமும் தவறு.

முதலில் மின் சுத்தியலை வாடகைக்கு எடுத்தேன். சீக்கிரம் முடியும் என்ற ஆசை. ஒரு மணி நேரத்தில் இரண்டு சதுர மீட்டர் உதிர்ந்தது. ஆனால் சிமென்டோடு கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. ஜன்னலுக்குக் கீழே தலையளவுக் கல் ஒன்று ஆட்டம் கண்டு, அதன் பின்னாலிருந்து உலர்ந்த மண் மணலாகக் கொட்டியது. நடுவில் மண் நிரப்பிய சுவரை அப்படி அதிர வைக்கவே கூடாது. அன்றே இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதியை ஒரு கிலோ சுத்தியலும் 6 செ.மீ. அகல உளியும் கொண்டு கையால் எடுத்தேன். உளியைச் சுவருக்கு நேராகக் குத்தாமல், பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே சாய்த்து நுழைத்தால் தகடு தகடாக வரும். மேலிருந்து கீழே வர வேண்டும். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தது ஒன்பது நாள் இழுத்தது.

ஜன்னலைக் கழித்தால் சுவரின் பரப்பு 16 சதுர மீட்டர். வந்த இடிபாடு 20 கிலோ மூட்டைகளில் 36. அத்தனையும் 62 படி இறங்கின.

சிமென்ட் போன இடத்தில் அந்தப் பழைய கற்களைப் பார்த்தபோது மனம் நிறைந்துவிட்டது. உளித் தடங்கள்கூட அப்படியே இருந்தன. அந்த உற்சாகத்தில்தான் அடுத்த தவறு நடந்தது. சுவர் காயக் காத்திராமல் இரண்டு வாரத்திலேயே சுண்ணாம்பு பூசினேன். அதுவும் இலையுதிர் காலத்தின் கடைசியில், 25 மி.மீ. கனத்தை ஒரே பூச்சாக. மேற்பரப்பு இறுகியதுபோல் இருந்ததும் விட்டுவிட்டேன். மூன்று வாரத்தில் இரவுக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி போனது. ஆள் தங்காத பின்னறை, கணப்பும் மூட்டவில்லை. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், அதற்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும். அதற்குள் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்தால் சாந்து பிளந்துவிடும். வசந்தம் வந்தபோது கீழ்ப்பாதி முழுக்கத் தட்டினால் டொக் டொக் என்று வெற்றொலி. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. மேல்பாதியில் உள்ளங்கை அகலத் தகடுகள் சுவரைவிட்டுப் பிரிந்து நின்றன.

அந்தச் சமயத்தில் ஊரில் கல்வேலை செய்த ஒரு பெரியவரை அழைத்துக் காட்டினேன். உள்ளே வந்து சுவரை ஒரு நிமிடம் பார்த்தார். நேராக வெளியே போய்விட்டார்.

"தம்பி, சுவரை விட்டுட்டு மண்ணைப் பாருங்க" என்றார். "மழை பெய்யும்போது இங்க வந்து நின்னு பாத்திருக்கீங்களா?"

இல்லை. இரண்டு வருடமாக உள்ளே நின்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பெருமழையில் குடையோடு மூன்று மணி நேரம் வீட்டுக்குப் பின்னால் நின்றேன். இந்த மூன்று வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். கூரை ஓரத்தில் மழைநீரை ஏந்தும் மழைத்தகடு நடுவில் தொய்ந்து, தண்ணீர் அங்கிருந்து சரியாகச் சுவரின் காலில் கொட்டியது. மூலையில் இறங்கும் குழாய் தரையோடு முடிந்துவிட்டது, அந்தத் தண்ணீரும் அங்கேயே தேங்கியது. மேட்டிலிருந்து சரிந்த மண்ணும் இலைமக்கும் ஆண்டாண்டாகச் சேர்ந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தன. எவ்வளவு உயரம் என்று தெரிய, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயின் ஒரு முனையை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு அளந்தேன். வெளி மண் உள்தரையைவிட 70 செ.மீ. மேலே! முக்கால் மீட்டர் ஈர மண்ணைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மறுபக்கம் நின்று பூச்சு பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மழைத்தகட்டைச் சரிசெய்ய ஒரு நாள் போதுமாக இருந்தது. தொய்ந்த இடத்தில் தாங்கிகளை 60 செ.மீ.க்கு ஒன்றாக நெருக்கி வைத்து, மூலைக் குழாயை 4 மீட்டர் நீட்டிச் சரிவில் விட்டேன். மண்ணை அகற்றத்தான் மூன்று வாரம் ஆனது.

தோண்டும் முன் அடித்தளம் எங்கே முடிகிறது என்று பார்க்கச் சுவரின் ஒரு மூலையில் மட்டும் சோதனைக்குழி வெட்டச் சொன்னார் பெரியவர். உள்தரைக்கு 55 செ.மீ. கீழே கடைசிக் கல் இருந்தது. தண்ணீரை வடிக்கச் சுவரோரமாக வெட்டும் கால்வாய் எந்த இடத்திலும் அந்த ஆழத்தைத் தொடக் கூடாது. அடித்தளத்தின் அடிமண்ணைப் பறித்தால் சுவர் இறங்கிவிடும். இதைத் தெரியாமல் ஆழமாக வெட்டியிருந்தால் இன்று சுவர் ஈரத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கால்வாயின் நீளம் 9 மீட்டர். மேல் முனையில் அதன் அடி உள்தரைக்கு 30 செ.மீ. கீழே, வெளியேறும் முனையில் 41 செ.மீ. கீழே. ஆக 9 மீட்டருக்கு 11 செ.மீ. வாட்டம், அடித்தளக் கல்லுக்கு மேலே எப்போதும் 14 செ.மீ.க்குக் குறையாத மண். ஒரேயடியாக முழு நீளத்தையும் திறக்கவில்லை. ஒன்றரை மீட்டர் வெட்டி, ஒன்றரை மீட்டர் விட்டு, வெட்டியதை முடித்த பிறகே விட்டதைத் தொட்டோம். இத்தனை காலம் மண்ணைச் சாய்மானமாக வைத்து நின்ற சுவர் அது, திடீரென்று கைவிட்டால் என்ன செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சுவரிலிருந்து 80 செ.மீ. தள்ளி மேட்டு மண்ணை நிறுத்த, 80 செ.மீ. உயரத்துக்குச் சாந்தில்லாத கல்லடுக்குச் சுவர் ஒன்று எழுப்பினோம். அடியில் 40 செ.மீ. கனம், மேட்டுப் பக்கம் லேசாகச் சாய்மானம். கல் முழுவதும் தோண்டிய மண்ணிலேயே கிடைத்தது. பின்னால் சேரும் தண்ணீர் இடுக்கு வழியாக வழிந்துவிடும் என்பதால்தான் சாந்து வைக்கவில்லை.

கால்வாய்க்குள் முதலில் வடிகட்டித் துணியை விரித்து, 5 செ.மீ. ஜல்லி பரப்பி, 100 மி.மீ. துளைக்குழாயைத் துளைகள் கீழ்ப்பக்கம் வர வைத்து, மேலே 20 மி.மீ. ஜல்லி நிரப்பித் துணியை மடித்து மூட வேண்டும். முதல் இரண்டு மீட்டரில் துணி போடாமலே ஜல்லி கொட்டிவிட்டேன். ஒரே மழையில் சேறு இறங்கி ஜல்லியின் கண்களெல்லாம் அடைத்துவிட்டன. அதை அள்ளிக் கழுவித் திரும்பப் போட ஒன்றரை நாள். ஜல்லி மொத்தம் ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கேட்கச் சின்ன அளவாகத் தோன்றும், 62 படி ஏற்றினால் தெரியும். இப்போது சுவரின் காலில் தெரியும் ஜல்லி மட்டம் உள்தரைக்கு 10 செ.மீ. கீழே இருக்கிறது.

அப்புறம் காத்திருப்பு. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கொத்தனார்களின் கணக்கு. அதன்படி 55 செ.மீ. சுவருக்கு 22 மாதம். அவ்வளவு பொறுக்க முடியவில்லை, பத்து மாதம் விட்டேன். முந்தைய வருடம் தோற்ற பூச்சை முழுவதும் எடுத்துவிட்டு, உள்ளே வெறும் கல்லாக. நல்ல வெயில் நாட்களில் ஜன்னலைத் திறந்து வைத்தேன், பனிமூட்டம் இறங்கும் நாட்களில் சாத்தினேன். உப்பு பூக்கும்போதெல்லாம் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்து அள்ளிக் கொட்டினேன். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

சுவர் காய்கிறதா என்று பார்க்க முதலில் இரண்டு ஊசி குத்தும் மின் ஈரமானியை நம்பினேன். அது எப்போதும் உச்சத்தையே காட்டியது. உப்பு ஏறிய சுவரில் அப்படித்தான் காட்டும். உப்பே மின்சாரத்தைக் கடத்திவிடுவதால் ஈரம் குறைந்தது அதற்குத் தெரியாது. பிறகு எளிய வழி ஒன்றைப் பிடித்தேன். கல்லைத் தொடாமல் சாந்து இடுக்கில் 8 செ.மீ. ஆழத்துக்கு மெதுவாகத் துளையிட்டு, அந்தத் தூளை மூடியுள்ள சிறு புட்டியில் பிடித்து, 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்தேன். அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காய வைத்து மறுபடி நிறுத்தேன். துளையை வேகமாகப் போட்டால் அலகு சூடாகித் தூளிலேயே ஈரம் பறந்துவிடும், அது ஒன்றில்தான் கவனம் வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். வடிகால் முடித்த மாதம் அது 9 சதவீதம் இருந்தது. ஐந்து மாதத்தில் 6, பத்தாவது மாதத்தில் 3.5. இந்த எண்கள் இறங்கியதைக் குறித்து வைத்த நோட்டுத்தாள் இன்றும் அந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

ஆட்டம் கண்ட கல்லை அதே இடத்தில் சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பொருத்தினேன். ஜன்னல் அடிக்கல் ஒன்று இரண்டாக உடைந்திருந்ததால் அதற்குப் புதுக்கல். அதைப் பழையதுபோல் கறுப்பாக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பழைய கட்டடங்களுக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், புதிதாக வைப்பது மொத்தத்தோடு இசைந்திருக்க வேண்டும், அதே நேரம் புதிது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்கிறது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

இனி பூச்சு. சுட்ட சுண்ணாம்புக்கல்லை முந்தைய வசந்தத்திலேயே இரும்புப் பீப்பாயில் நீற்றி வைத்திருந்தேன். தண்ணீருக்குள் கல்லைப் போட வேண்டும், கல் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடு எழும், பிளாஸ்டிக் பீப்பாய் தாங்காது. கண்ணாடியும் முழங்கை வரை உறையும் போடாமல் அருகில் போகாதீர்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு வருடம் தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு வெண்ணெய்போல் ஆகியிருந்தது. கரண்டியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழவில்லை.

மணலில் நான் முன்பு கவனம் செலுத்தவில்லை. இம்முறை கழுவிய, முனை மழுங்காத மணலை வாங்கி 5 மி.மீ. சல்லடையில் சலித்தேன். விகிதத்தைச் சொல்லக் கேட்டு வைப்பதைவிட அளந்து வைப்பது நல்லது. ஒரு லிட்டர் காய்ந்த மணலைக் கண்ணாடிக் குவளையில் தட்டி நிரப்பி, மேல்மட்டம் வரும்வரை தண்ணீர் ஊற்றினேன். 330 மி.லி. பிடித்தது. மணலின் இடைவெளி அவ்வளவு, அதை நிரப்பும் அளவுக்குச் சுண்ணாம்பு வேண்டும். அப்படித்தான் ஒன்றுக்கு மூன்று. மணல் சுமார் 700 கிலோ, சுண்ணாம்பு 150 லிட்டர், அதாவது 200 கிலோவை ஒட்டி. மலையூர்க் குளிரில் வெறும் சுண்ணாம்பு மிக மெதுவாக இறுகும் என்பதால், சலித்த செங்கல் பொடியைச் சுண்ணாம்பின் அளவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தேன். அதை மட்டும் பூசும் அன்று காலையில்தான் கலக்க வேண்டும். நீரில் இறுகும் சுண்ணாம்பைப் பற்றி ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1756-இல் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்துக்காகச் சோதனைகள் செய்தார். அந்த வகைச் சுண்ணாம்பையும் யோசித்தேன். ஆனால் அது இன்னும் கெட்டியாக இறுகும், என் சுவரோ மண்சாந்து. பூச்சு சுவரைவிட மென்மையாக இருப்பதுதான் முறை.

கலவையில் தண்ணீர் சேர்க்கவே இல்லை. முதலில் வறண்ட புழுதிபோல் தெரியும். மரக்கட்டையால் அடிக்க அடிக்கச் சுண்ணாம்பு தன் ஈரத்தை விட்டுக் குழைந்து வரும். பொறுமை போய்த் தண்ணீர் ஊற்றினால் பிற்பாடு வெடிப்பு நிச்சயம். முதல் இரண்டு பூச்சுக்கான சாந்தில் இரண்டு அங்குலம் நறுக்கிய ஆட்டுமுடி கலந்தேன்.

இம்முறை தொடங்கியது வசந்தத்தின் இறுதியில். உறைபனி வர ஐந்து மாதம் இருந்தது. முதலில் பள்ளங்களைச் சில்லுக்கற்களும் சாந்தும் வைத்து அடைத்து ஒரு வாரம் விட்டேன். பிறகு சுவரைத் தெளிப்பானால் நனைத்து, 10 மி.மீ. முதல் பூச்சைக் கரண்டியால் தேய்க்காமல் வீசி அடித்தேன். வீசி அடித்தால் சாந்து கல் இடுக்குக்குள் போய்க் கவ்விக்கொள்ளும். மணிக்கட்டுக்கு அந்தப் பழக்கம் வர இரண்டு நாள் ஆனது, விழுந்ததில் பாதி தரையில். சாய்சதுரமாகக் கீறிவிட்டு, ஈரச்சாக்கு தொங்கவிட்டு, ஒரு வாரம் தினமும் மூன்று வேளை தெளித்தேன். மறுநாள் காலையில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. ஈரம் இருக்கும்போதே தேய்ப்புப் பலகையால் அழுத்தினால் மூடிவிடுகின்றன. நகத்தால் அழுத்தினால் தடம் விழக் கூடாது, அதுவரை அடுத்த பூச்சு இல்லை. மூன்றரை வாரம் ஆனது. இரண்டாவது பூச்சு 9 மி.மீ., கடைசியாக நுண்மணலில் 3 மி.மீ. ஒரு மூலையைச் சுரண்டி இறுகாத சுண்ணாம்பில் நிறம் மாறும் ஃபினாப்தலீன் கரைசலைத் துளி விட்டுப் பார்த்தேன். ஐந்தாவது வாரத்தில் மேல் இரண்டு மூன்று மி.மீ. மட்டும் நிறம் மாறாமல் இருந்தது, உள்ளே பளீரென்று இளஞ்சிவப்பு, அதாவது இன்னும் இறுகவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க அந்த அறையைக் கணப்பு மூட்டி ஐந்து டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

மேலே பெயின்ட் கிடையாது. பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பு, நாளுக்கு ஒரு கையாக ஐந்து கை. அடிக்கும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், காயக் காய வெளுக்கும். கெட்டியாக அடித்தால் உதிரும்.

விலை இடத்துக்கு இடம் மாறும், அதனால் செலவைப் பங்காகச் சொல்கிறேன். மூன்று வருடத்தில் கையைவிட்டுப் போனது 100 என்றால், அதில் 37 முதல் இரண்டு தோல்விகளுக்கு. வடிகாலும் கல்லடுக்கும் மழைத்தகடும் சேர்ந்து 34, பெரும்பகுதி கூலி. கடைசிப் பூச்சுக்கான பொருள் 11 மட்டுமே. மீதி 18 சுமைகூலி, சாரம், கருவிகள். சுவருக்குள் போன பொருள்தான் இருப்பதிலேயே மலிவு.

மறுபடி செய்தால் முதல் வருடம் சுவரையே தொட மாட்டேன். மழைத்தகடு, குழாய், மண் ஆகிய மூன்றையும் முடித்துவிட்டு, சிமென்டில் கீழ் ஒரு மீட்டரை மட்டும் உரித்துவிட்டுக் காத்திருப்பேன். காய வைப்பதைப் பத்து மாதத்தில் நிறுத்தாமல் இன்னொரு கோடையையும் கடக்க விடுவேன். அந்த அவசரத்தின் அடையாளம் இன்னும் இருக்கிறது. சோதனைக்குழி வெட்டிய மூலையில், தரையோடு ஒட்டி, 40 செ.மீ. அகலத்துக்கு மெல்லிய உப்பு பூக்கிறது. அங்கே எடுத்த தூள் போன வாரம் 5 சதவீதம் காட்டியது. சுவரின் மற்ற இடங்களில் 3-க்குக் கீழே. குழியை மூடும்போது ஜல்லி போடாமல் களிமண்ணையே தள்ளியதுதான் காரணமாக இருக்கும் என்று பெரியவர் சொல்கிறார். மண் இளகியதும் அந்த மூலையை மட்டும் திறந்து பார்க்கப் போகிறோம். ஜல்லி ஆறு மூட்டை ஏற்றி வைத்துவிட்டேன்.